வெள்ளைக் கல்லும் கறுத்த மெட்டியும்: சோதனைக் குழாயில் வரும் வாயுவைக் கண்டுபிடிப்பது எப்படி

எங்கள் லேப் ஜன்னலில் ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. கோழிமுட்டையை விடக் கொஞ்சம் பெரியது. பல வருடங்களுக்கு முன் பிளஸ் ஒன் படித்த ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்தது. அவள் அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்துக்கு லாரி ஓட்டுபவர். "மிஸ், இது கார்பனேட்டுதானே? ஆசிட் ஊத்தினா பொங்கணும்ல?" என்று கேட்டாள். நாற்பது பிள்ளைகள் பார்க்க, கல்லின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நாலு சொட்டு விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் ஊற்றியது போலக் கிடந்தது கல். "இது வேற ஏதோ கல்லும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவள் முகம் சுருங்கியது இன்னமும் ஞாபகம் இருக்கிறது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் பியூனிடம் சொல்லி அந்தக் கல்லின் ஒரு மூலையை உடைத்து, இரும்பு உரலில் இடித்துப் பொடியாக்கினேன். அதே அமிலத்தை ஊற்றி லேசாகச் சூடு காட்டியதும் குழாயின் வாய் வரைக்கும் நுரை பொங்கியது. கார்பன் டை ஆக்சைடு வந்ததற்கு அடையாளமாகச் சுண்ணாம்பு நீர் பாலாக மாறியது. அந்த வெள்ளைக்கல்லின் பெயர் மேக்னசைட்; அது மெக்னீசியம் கார்பனேட்தான். ஆனால் கட்டியாக இருக்கும்போது குளிர்ந்த நீர்த்த அமிலத்தோடு மிக மெதுவாகத்தான் வினைபுரியும். சுண்ணாம்புக்கல் மாதிரி உடனே சீறாது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் "நீ சொன்னதுதான் சரி" என்று ஒப்புக்கொண்டேன்.

சேலத்துக்கு வடக்கே, அந்தக் கல் கிடைக்கும் வெள்ளைக் கரடுகளுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் சாக் ஹில்ஸ். சாக் என்றால் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லின் ஒரு வகை. அங்கே சாக் கிடையாது. அதே போல நாங்கள் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸும் பெரும்பாலும் சாக் கிடையாது. அது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அமிலத்தில் போட்டால் பேசாமல் ஊறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் "சாக்பீஸ் + அமிலம் = கார்பன் டை ஆக்சைடு" என்று செய்யாமலே எழுதிவைக்கும் பிள்ளைகள் வருடத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். பெயரை நம்பி எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், பிளஸ் டூவில் சால்ட் அனாலிசிஸ் (கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் சோதனை) என்றால் வயிறு கலங்கும் பிள்ளைகளுக்கும், கூடவே புதிதாக லேப் பொறுப்பு ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும்.

என் விதி ஒன்றே ஒன்று. ஒரு வாயுவுக்குப் பெயர் வைக்க இரண்டு சாட்சி வேண்டும். மூக்கு ஒரு சாட்சி என்றால், அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் லிட்மஸ் தாளோ தீக்குச்சியோ இன்னொன்று. ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதினால் என்னைப் போல மறுநாள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் கண். குழாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிறம் பாருங்கள். எங்கள் லேப் சுவர் ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துக் குளோரின் என்று எழுதிய பிள்ளைகள் உண்டு.

அடுத்தது மூக்கு. குழாயை மூக்குக்குக் கீழே கொண்டுபோகவே கூடாது. ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மறு கையால் சாம்பிராணிப் புகையைத் தலைக்கு வாங்குவது மாதிரி காற்றை மெல்ல உங்கள் பக்கம் விசிற வேண்டும். நான் பள்ளியில் படித்தபோது யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. அம்மோனியாவை நேராக இழுத்துவிட்டுக் கால் மணி நேரம் கண்ணீரோடு படியில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஈரமான லிட்மஸ், சிவப்பும் நீலமும் ஒவ்வொன்று. ஈரம் முக்கியம். காய்ந்த தாளில் வாயு ஒன்றும் செய்யாது; தண்ணீரில் கரைந்த பிறகுதான் அமிலமோ காரமோ ஆகும். தாள் குழாயின் விளிம்பில் படக் கூடாது. கொதிக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு துளி தெறித்துச் சிவப்புத் தாள் நீலமானால், அம்மோனியாவே இல்லாத உப்பிலும் அம்மோனியா என்று எழுதிவிட்டு வருவீர்கள்.

நெருப்பும் சுண்ணாம்பு நீரும் கடைசி. இவை வாயுவைச் செலவழிக்கும், மற்றவை செலவழிக்காது. உப்பின் அளவு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். அரை ஸ்பூன் போட்டால் வாயு தெளிவாகத் தெரியும் என்று நினைப்பது தப்பு. லேப் முழுக்கப் புகைதான் தெரியும்.

சுண்ணாம்பு நீர் ஏன் ஏமாற்றுகிறது

கார்பன் டை ஆக்சைடுதான் எளிய வாயு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதிகமாகத் தப்பு நடப்பதும் அதில்தான்.

பாதித் தப்பு சுண்ணாம்பு நீரிலேயே இருக்கிறது. வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பு போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் குலுக்கி, ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் அசைக்காமல் வடித்து எடுங்கள். ஒரு லிட்டரில் 2 கிராமுக்கும் குறைவாகத்தான் கரையும், அதனால் நிறையச் சுண்ணாம்பு போட்டுப் பயன் இல்லை. வெந்நீரில் இன்னும் குறைவாகக் கரையும். சீக்கிரம் கரையட்டும் என்று சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம். பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி மூடி வையுங்கள். பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றே மேலே ஏடு கட்டிவிடும். வகுப்புக்கு முன் ஒரு உறிஞ்சுகுழலால் ஊதிப் பாருங்கள். உங்கள் மூச்சுக்கே பாலாக மாறாத சுண்ணாம்பு நீரைக் குப்பையில்தான் போட வேண்டும்.

மீதிப் பாதி வேகத்தில் இருக்கிறது. அமிலத்தை நிறைய ஊற்றினால் வாயு பாய்ந்து வந்து, அமிலத் துளியும் சேர்ந்து வளைகுழாய் வழியாகச் சுண்ணாம்பு நீருக்குள் போய்விடும். அப்புறம் எப்படிப் பாலாகும்? அப்படியே வந்தாலும், "மிஸ், பால் மாதிரி வந்துச்சு, மறுபடியும் தெளிஞ்சிருச்சு" என்று ஓடி வருவார்கள். அது தப்பில்லை. வாயு அதிகமாகப் போனால் கால்சியம் கார்பனேட் பைகார்பனேட்டாகிக் கரைந்துவிடும். அந்தத் தெளிந்த நீரைக் கொதிக்க வைத்தால் மறுபடி கலங்கும். நம் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது இதுதான். நான் இதைப் பார்க்காமல் ஒரு வகுப்பையும் முடிப்பதில்லை.

ஆனால் சுண்ணாம்பு நீரைப் பாலாக்கும் இன்னொரு வாயுவும் உண்டு. சல்பர் டை ஆக்சைடு. உப்பு சல்பைட்டாக இருந்தால் (பின்னால் வரும் சல்பைடு வேறு), அமிலம் விட்டதும் இது வரும். இங்கேதான் இரண்டாவது சாட்சி. கார்பன் டை ஆக்சைடுக்கு வாடையில்லை. இதற்குப் பட்டாசு வெடித்த தெருவின் காந்தல் வாடை. அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளைக் காட்டினால் ஆரஞ்சு நிறம் பச்சையாகும். கார்பன் டை ஆக்சைடு அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கார்பன் டை ஆக்சைடின் கதையைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை உண்டு. 1750களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்பவர், காற்றிலிருந்து வேறான ஒரு வாயு பொருளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்று காட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது மெக்னீசியம் கார்பனேட் பொடி. நாம் விடும் மூச்சிலும் அதே வாயு இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தது சுண்ணாம்பு நீரை வைத்துத்தான். நம் வெள்ளைக்கரட்டில் லாரி லாரியாகப் போவதும் அதே சேர்மம். அந்தப் பெண்ணிடம் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியாது.

வாடை அடிக்கும் வாயுக்கள்

அம்மோனியாவுக்கு நான் வைத்திருப்பது நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருப்பாரே, அதேதான், அம்மோனியம் குளோரைடு. நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சோதனைக் குழாயில் கலந்து லேசாகச் சூடாக்கினால் போதும், கண்ணைக் கரிக்கும். ஈரச் சிவப்பு லிட்மஸ் நீலமாகும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் குச்சியை அருகில் காட்டினால் வெண்புகை கிளம்பும். அந்தப் புகை என்ன தெரியுமா? நவச்சாரமேதான். குழாயில் உடைந்தது வெளியே வந்து மறுபடி சேர்ந்துகொள்கிறது.

இதையே தலைகீழாகச் செய்தால் ஹைட்ரஜன் குளோரைடுக்குச் சோதனை. குளோரைடு உப்பின் மேல் அடர் கந்தக அமிலம் விட்டால் நெடி அடிக்கும் வாயு வரும். அம்மோனியாவில் தோய்த்த குச்சிக்கு அதே வெண்புகை. அதனால் "வெண்புகை வந்தது" என்று மட்டும் எழுதாதீர்கள். குச்சியில் இருந்தது என்ன என்றும் எழுத வேண்டும்.

ஹைட்ரஜன் சல்பைடு பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் குடும்பத்துக்குள் நுழைந்த வாயு. நான் செவ்வாய்ப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமனாருக்குச் சின்னக் கொலுசுப் பட்டறை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் சல்பைடு உப்புக்கான சோதனையை மூன்று வகுப்புக்குத் தொடர்ந்து செய்தேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அத்தை பார்த்துவிட்டார். "ஏங் கண்ணு, மெட்டி இப்படிக் கறுத்துப் போச்சு?" புது மெட்டி கறுத்தால் பெரியவர்கள் மனதில் என்னென்ன ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமாதான் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கந்தகம் பட்டிருக்கு. பள்ளிக்கூடத்துல என்னத்தக் காச்சுன?" என்றார். லேபே பார்க்காத மனிதர். வெள்ளி மேல் படிந்தது வெள்ளி சல்பைடு. என் காலில் இருந்ததே ஒரு சோதனைத் தாள்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அத்தை திருநீறு போட்டுத் தேய்த்துக் கொடுத்தார், பளபளவென்று வந்துவிட்டது.

லேபில் இதற்கான சோதனை: லெட் அசிடேட் கரைசலில் நனைத்த தாள் கறுத்துப் பளபளக்கும். அழுகிய முட்டை நாற்றத்தோடு சேர்த்தால் இரண்டு சாட்சி ஆயிற்று. தாளைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள். ஈயம் விஷம்.

ஆனால் வாயு அதைவிடப் பெரிய விஷம். மூக்கை நம்பாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒன்றுக்குத்தான். துளி அளவு இருந்தாலே நாறும். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவைத் தொட்டதும் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று நினைப்போம். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் அடுத்தடுத்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் தேங்கும் குட்டைப் பக்கம் போனவர்களுக்கு அந்த நாற்றம் பழக்கம்தான். பழகியதாலேயே பயம் போய்விடுகிறது என்பதுதான் என் கவலை. லேபில் சோதனை முடிந்ததும் குழாயை ஜன்னல் வெளியே பிடித்துத் தண்ணீர் நிறைய ஊற்றி நிறுத்திவிடுங்கள்.

நிறம் காட்டும் வாயுக்கள்

பழுப்பு வாயு என்றால் நைட்ரஜன் டை ஆக்சைடு என்று எழுதிவிடுகிறார்கள். புரோமைடு உப்பும் அடர் கந்தக அமிலத்தில் செம்பழுப்பாகத்தான் புகையும்; அந்தப் புகை புரோமின். பிரிக்க மூன்று வழி வைத்திருக்கிறேன். உப்போடும் அமிலத்தோடும் கொஞ்சம் காப்பர் சீவலோ உருட்டிய காகிதமோ போட்டுச் சூடாக்கினால், நைட்ரேட்டாக இருந்தால் பழுப்பு இன்னும் கெட்டியாகும். காப்பர் போட்ட குழாயில் கரைசல் நீலமோ பச்சையோ ஆகும். இரண்டாவது, ஸ்டார்ச் தாள்: புரோமின் பட்டால் மஞ்சளாகும். மூன்றாவது எனக்குப் பிடித்தது. வாயு நிறைந்த குழாயைக் கார்க்கால் மூடி ஐஸ் தண்ணீரில் வைத்தால் நைட்ரஜன் டை ஆக்சைடின் நிறம் வெளுக்கும். வெளியே எடுத்துக் கைச்சூட்டில் வைத்திருந்தால் மறுபடி பழுப்பு ஏறும். ஏற்காட்டுப் பக்கம் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். சுமார் 1,500 மீட்டர் உயரம், மார்கழிக் குளிரில் ஐஸே தேவைப்படவில்லை. ஜன்னலோரம் வைத்த குழாய் தானாகவே வெளிறும். (அங்கே வேறு தொல்லை. பனிமூட்டத்தில் தீப்பெட்டி நமத்துவிடும், லிட்மஸ் தாள் கட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் மாத்திரை டப்பாவில் போட்டு, கொஞ்சம் வறுத்த அரிசியோடு மூடி வைப்பேன்.)

மாமாவின் பட்டறையில் இந்தப் பழுப்புப் புகையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பழைய வெள்ளியைச் சுத்தம் பண்ண நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள். முதலில் நிறமே இல்லாத நைட்ரிக் ஆக்சைடு வருவதும், பாத்திரத்தின் வாய்க்கு வந்து காற்றைத் தொட்டதும் அது பழுப்பாவதும் அங்கேதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சோதனைக் குழாயிலும் அதைக் கவனியுங்கள்: அடியில் தெளிவு, வாயருகே பழுப்பு. இதைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கு நான் அரை மார்க் கூடப் போடுவேன். இந்தப் புகையைச் சுவாசித்தால் அப்போதைக்கு ஒரு இருமலோடு போய்விடும். பல மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் "ஒண்ணும் ஆகலையே" என்று பட்டறையில் சொல்பவர்களோடு நான் சண்டை போடாத நாளில்லை.

குளோரின், பசுமஞ்சள். பிளீச்சிங் பவுடரை அரிசி அளவு எடுத்து ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் போதும். ஈர நீல லிட்மஸ் முதலில் சிவந்து பிறகு வெளுத்துப்போகும். அந்த வெளுப்பு வரை காத்திருங்கள். சிவப்போடு நிறுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடு என்று எழுதிவிடுவீர்கள். இரண்டாவது சாட்சிக்குக் கடையில் தாள் வாங்க வேண்டாம், சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி இருக்கிறது. ஒரு ஸ்பூன் ஜவ்வரிசியைத் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி வடிகட்டி, அதில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடு கலந்து, வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். பயன்படுத்தும்போது ஈரப்படுத்திக் காட்டினால் குளோரின் அயோடினை விடுவிக்கும், தாள் கருநீலமாகும். நைட்ரஜன் டை ஆக்சைடும் இதைச் செய்யும், ஆனால் அதன் நிறம் வேறு. அயோடைடு போடாத ஜவ்வரிசித் தாளையும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். மேலே சொன்ன புரோமினுக்கு அது.

வீட்டில் ஒன்று சொல்லி வையுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் வருவதும் இதே குளோரின்தான், அதுவும் கதவு சாத்திய சின்ன அறைக்குள்.

நெருப்பு வைத்துப் பார்ப்பவை

இங்கே சுருக்கமாகப் போகலாம். ஹைட்ரஜனுக்குத் துத்தநாகத் துண்டு, நீர்த்த அமிலம். குழாய் வாயைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் மூடி, எடுத்தவுடன் எரியும் குச்சியைக் காட்டினால் 'பாப்' என்ற சத்தம். அந்தச் சத்தம் ஹைட்ரஜனும் காற்றும் கலந்திருப்பதால் வருவது. வாயு கிட்டத்தட்டச் சுத்தமாக நிறைந்திருந்தால் சத்தமே இல்லாமல் எரிந்துவிடும். அப்போது குழாயின் உட்சுவரில் ஈரப் பனி படிகிறதா என்று பாருங்கள். சோதனைக் குழாயைத் தவிரப் பெரிய குடுவையில் இதைச் செய்ய நான் யாரையும் விட மாட்டேன்.

ஆக்சிஜனுக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரு சிட்டிகை மாங்கனீசு டை ஆக்சைடும். மாங்கனீசு டை ஆக்சைடு இல்லையென்றால் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு. விளக்குமாற்று ஈர்க்குச்சியைப் பற்றவைத்து அணைத்து, கனலாக இருக்கும்போது உள்ளே விடுங்கள், திரும்பப் பற்றிக்கொள்ளும். ஊதுபத்தியும் பிரகாசமாகும், ஆனால் எல்லா ஊதுபத்தியும் சுடர்விடாது.

ரெக்கார்டில் எழுதுவது

"கார்பன் டை ஆக்சைடு வெளிப்பட்டது" என்பது நீங்கள் பார்த்தது அல்ல, நினைத்தது. "பொடித்த உப்பில் நீர்த்த அமிலம் சேர்த்து லேசாகச் சூடாக்கியபோது நுரைத்துப் பொங்கியது. நிறமும் வாடையும் இல்லை. சுண்ணாம்பு நீர் பாலாகிப் பிறகு தெளிந்தது. டைகுரோமேட் தாள் மாறவில்லை." இதுதான் பார்த்தது. பெயர் அடுத்த கட்டத்தில், அனுமானம் என்ற தலைப்பின் கீழ் வர வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், எப்படிச் செய்தபோது நடக்கவில்லை என்பதோடு சேர்த்து: கட்டியாகவா பொடியாகவா, குளிர்ந்தா சூடாகவா.

இப்போது ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அந்த ஜன்னல் கல்லை எடுத்து, சொட்டுப்போத்தலோடு முதல் பெஞ்சில் வைத்துவிடுவேன். "பொங்கலையே மிஸ்" என்று யாராவது சொல்வார்கள். உரலை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுப் பேசாமல் நிற்பேன். சல்பைடு வகுப்பு இருக்கும் நாட்களில் மட்டும் மெட்டி வீட்டில், அத்தையின் வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கும்.